எந்தக் கையால் கொடுத்தீங்க?

கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் சொல்வது எதுவும் உள்ளே போகாது. என் அம்மா ஞானம்மாளுக்கும் இதே வியாதிதான், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் அது தெரியும். ஆனால் அம்மாவின் கோபத்தால் யாரும் செத்ததில்லை. என் கோபத்தால், அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்றாம் எண் சுண்டெலி செத்துப்போனது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. பெயர் ரேணுகா. முப்பத்திரண்டு வயதில் மாணவி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கும். கரையான்சாவடியில் பஸ் ஏறும்போது யாராவது 'டீச்சரா?' என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எலிக்கு எந்தக் கை வாக்கு என்று ஐந்து வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று பஸ்ஸில் எப்படிச் சொல்வது?

உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சுண்டெலிகளுக்கும் நம்மைப் போலக் கைப்பழக்கம் உண்டு. முன்னங்கால்தான், ஆனால் நாங்கள் கை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் முன்சுவரின் நடுவில் ஒரு சின்னக் குழாய், குழாய்க்குள் கடுகு அளவுத் தீனி உருண்டைகள். பசியோடு இருக்கிற எலி குழாய்க்குள் ஒரு கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐம்பது தடவை எடுக்கவிட்டு எண்ணினால் ஒன்று தெளிவாகத் தெரியும். சில எலிகள் திரும்பத் திரும்ப வலது கையை நீட்டும், சில இடது கையை. மனிதர்களில் பெரும்பாலோர் வலது, எலிகளில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

ஏன் அப்படி என்பதுதான் என் கேள்வி. மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற நரம்புப் பாலம் ஒன்று இருக்கிறது. இடதுகை எலிக்கும் வலதுகை எலிக்கும் அந்தப் பாலத்தின் தடிமனில் வித்தியாசம் இருக்குமா? இதற்கு எலி உயிரோடு இருக்கும்வரை பதில் கிடையாது. மயக்க மருந்து கொடுத்து, இதயம் வழியாக மருந்துநீரைச் செலுத்தி, மூளையை எடுத்து, மெல்லிய சீவல்களாகச் சீவிப் பார்க்க வேண்டும். மொத்தம் நாற்பத்தெட்டு எலிகள். விலங்குச் சோதனைக்கு எதிக்ஸ் கமிட்டி கொடுத்திருந்த அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. என் உதவித்தொகை ஜனவரியோடு முடிகிறது. என் கைடு சுப்பராயன் சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது.

மூளை எடுக்கிற வேலைக்கு வேறொரு கல்லூரியிலிருந்து ரேவதி என்ற டெக்னீஷியன் வந்திருந்தார். கை சுத்தம், பேச்சு குறைவு. "பத்து மணிக்கு ஆரம்பிச்சாதான் சாயங்காலத்துக்குள்ள முடியும்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். "நான் எங்க இருந்தாலும் கண்டுக்காதீங்க, பத்துக்கு ஆரம்பிச்சிருங்க" என்று நான்தான் சொன்னேன்.

காலை எட்டரைக்கு, எலிகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் நான் மட்டும் இருந்தேன். உத்தமன் அண்ணன் பின்பக்கம் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெள்ளானூர்க்காரர், ஐம்பத்து நான்கு வயது. முந்தின நாள் மாலையிலிருந்து எலிகளுக்குத் தீனி வைக்கவில்லை. ரேவதி எண் வரிசைப்படி கேட்டிருந்ததால், கூண்டுகளை ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை தள்ளுவண்டிகளில் அடுக்கினேன். ஒவ்வொரு கூண்டின் அட்டையிலும் ஒரு ஸ்டிக்கர். வலதுகை எலிக்கு நீலம், இடதுகை எலிக்குச் சிவப்பு.

அதுவரை அந்தக் கூண்டுகள் எண் வரிசையில் நின்றதே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தே சோதித்தோம், எது முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அலமாரியிலும் அந்தக் கலைந்த வரிசையில்தான் இருந்தன. கம்ப்யூட்டரிலும் நான் ஐம்பதில் எத்தனை வலது என்ற கணக்குப்படி அடுக்கித்தான் பார்ப்பேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பார்க்கிறேன்.

முதல் வண்டி நீலமாக இருந்தது. இரண்டாவது வண்டி சிவப்பாக இருந்தது.

எண்ணிப் பார்த்தேன். ஒன்று முதல் இருபத்து நான்கு வரை பத்தொன்பது நீலம், ஐந்து சிவப்பு. இருபத்தைந்து முதல் நாற்பத்தெட்டு வரை இருபது சிவப்பு, நாலு நீலம். கூட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி, புத்தகத்தில் சொன்ன மாதிரியே. அதனால்தான் சந்தேகமே வரவில்லை. பிரித்துப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. எலிகளுக்குத் தங்கள் எண் என்ன என்று தெரியாது. எண்ணைப் பார்த்துக் கையை முடிவு செய்கிற எலி உலகத்தில் கிடையாது.

ரிஜிஸ்டர்களை எல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இருபத்து நான்கும் ஜூனில் வந்த பேட்ச், அடுத்தது ஆகஸ்டில் வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் வாங்கியவை, ஒரே வம்சம், வந்தபோது ஒரே வயது. அதே பெட்டி, அதே குழாய், குழாய் நடுவில்தான் இருக்கிறது என்று அளந்து எழுதிய குறிப்பும் இருந்தது. சோதனை முழுவதும் வீடியோவில் இருக்கிறது, எண்ணியது நான். ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எலிகள் வந்தவுடன் ஒரு வாரம் அவற்றுக்கு அந்தச் சின்ன உருண்டைகளைக் கையால் கொடுத்துப் பழக்க வேண்டும். பழகாத எலி குழாய்ப் பக்கமே வராது. அந்த வேலையைச் செய்தவர் உத்தமன் அண்ணன்.

எழுந்து பின்பக்கம் போனேன். போகும்போதே காது அடைக்க ஆரம்பித்துவிட்டது.

"ஆகஸ்ட்ல என்ன செஞ்சீங்க?"

அவர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னா மேடம்?"

"எலியப் பழக்கும்போது என்ன மாத்துனீங்கன்னு கேக்கறேன். ஜூன்ல ஒரு மாதிரி, ஆகஸ்ட்ல ஒரு மாதிரி செஞ்சிருக்கீங்க."

"நான் ஒண்ணும் மாத்தலியே மேடம். அதே உருண்டை, ஒரு எலிக்கு இருபது. நீங்க எழுதிக் குட்த்த பேப்பர் செவுத்துலயே ஒட்டிக்கீது, வந்து பாருங்க."

"பேப்பரப் பத்திப் பேசாதீங்க. இஷ்டத்துக்கு எதையோ செஞ்சுட்டு இப்ப பேப்பர்ங்கறீங்க. அஞ்சு வருஷம், தெரியுமா உங்களுக்கு? என் அஞ்சு வருஷம்."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவரிடம் பொறுப்பு என்றால் என்ன என்று பாடம் எடுத்தேன். வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொன்னேன். நடுவில் அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார், உதடு அசைந்தது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. அந்தச் சமயத்தில் உள்ளறையில் ரேவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். சொன்ன சொல் மாறாத பெண். முதல் வண்டியிலிருந்து ஒன்றாம் கூண்டை எடுத்திருக்கிறார்.

மூச்சு வாங்குவதற்காக நான் நிறுத்தினேன். அப்போதுதான் உத்தமன் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது.

"கையத்தான் மாத்தினேன் மேடம்."

"எந்தக் கைய?"

"என் கையத்தான். நான் பொறந்ததுலர்ந்தே பீச்சாங்கை. மொத பேட்ச்சுக்கு அதாலதான் குட்த்துகினு இருந்தேன். ஆகஸ்டுல நீங்க வந்து பார்த்துட்டு, தீனிய பீச்சாங்கையால குடுக்காதீங்கன்னு சொன்னீங்கோ. அதுலர்ந்து சோத்துக்கையாலதான் குடுக்குறேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. 'நான் சொல்லவே இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. ஆகஸ்டில் இரண்டாவது பேட்ச் வந்த மறுநாள், கையில் போனோடு அவசரமாக உள்ளே வந்தேன். அவர் கூண்டின் மூடியை வலது கையால் தூக்கிப் பிடித்து, இடது கையால் உருண்டையை நீட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, என்ன இது, சாப்பிடற பொருள இடது கையால கொடுக்கறீங்க? சோத்துக்கையால கொடுங்க." யோசித்துச் சொல்லவில்லை. சொன்னது என் வாய், குரல் அம்மாவுடையது. நானும் இடதுகைக்காரியாகப் பிறந்தவள்தான். ஐந்து வயதுவரை சாப்பாட்டு நேரத்தில் அம்மா என் இடது கையை ரிப்பனால் நாற்காலியோடு கட்டிவைப்பாள். இன்றைக்கும் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை, பாட்டில் மூடி திறக்கும்போது மட்டும் இடது கை முந்திக்கொள்ளும். இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்று நேர்முகத்தில் கேட்டபோது வேறு ஏதோ காரணம் சொன்னேன்.

ஜூனில் நான் இங்கே இல்லை, மூளைச் சீவல் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். அதனால் முதல் பேட்ச்சை அவர் தன் கையால் கொடுத்துப் பழக்கினார். எலி அவரைப் பார்த்து நிற்கும், ஆகவே அவருடைய இடது எலிக்கு வலது. ஒரு வாரம், எலிக்கு நாளுக்கு இருபது உருண்டை, எல்லாம் வலது ஓரத்தில் வந்தது. எலி வலது கையை நீட்டிப் பழகியது. ஆகஸ்டில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். உருண்டை இடது ஓரத்துக்கு மாறியது. எலிகளும் மாறின. அந்தச் சிவப்பும் நீலமும் எலிகளின் மூளையில் இருந்து வந்தவை இல்லை, என் வாயிலிருந்து வந்தவை.

"எங்க நைனா சூடு வச்சும் மாறாத கை மேடம் இது" என்றார் உத்தமன் அண்ணன். இடது மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது. ஐந்து வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், கேட்டதே இல்லை. "நீங்க சொன்னதும் மாத்திக்கினேன். வேலையாச்சே. மொதல்ல கஷ்டமா இருந்துது, கீழ கீழ போட்டுடுவேன். அப்பறம் பழகிப்போச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பத்து.

ஓடினேன். உள்ளறையில் ரேவதி கையுறையோடு நின்றிருந்தார். ஒன்றாம் எண் முடிந்திருந்தது. பக்கத்தில் ஃபார்மலின் பாட்டிலில் பட்டாணி அளவுக்கு ஒரு மூளை மிதந்தது. மயக்க மருந்துப் பெட்டிக்குள் இரண்டாம் எண் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, கால்கள் மெதுவாக இழுத்தன.

"எடுங்க. வெளியே எடுங்க."

"இப்பதான் போட்டேன்."

"எடுங்க ரேவதி."

அவர் மூடியைத் திறந்து எலியை எடுத்துத் துணியில் வைத்தார். நாங்கள் இருவரும் குனிந்து அதன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம் அசையவில்லை. இரண்டாவது நிமிஷமும் அசையவில்லை. அப்புறம் விலா ஒரு தடவை ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. மீசை துடித்தது. ரேவதி விரலால் அதன் முதுகை நீவிவிட்டார்.

பத்தரைக்குச் சுப்பராயன் சார் வந்தார். கோபப்படாத மனிதர், அதுதான் அவரிடம் எனக்குப் பயம். நான் இரண்டு வண்டிகளையும் காட்டினேன். ஸ்டிக்கர்களை அவரே ஒருமுறை எண்ணினார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வாரம் கையால கொடுத்ததுக்கு மூளை மாறிடுமா ரேணுகா?"

"மூளை மாறாது சார். அதான் சார் பிரச்சினை. மூளை ஒண்ணு சொல்லும், நான் ஒட்டின ஸ்டிக்கர் ஒண்ணு சொல்லும்."

"ஒரு வாரப் பழக்கம் சோதனை வரைக்கும் நிக்கும்னு நீ எப்படிச் சொல்ற? சோதனையில குழாய் நடுவுலதானே இருந்தது. பேட்ச் வித்தியாசம் வேற காரணத்தாலயும் வரலாம். அதை ஒரு பத்தி எழுதிச் சமாளிச்சிடலாம்."

"சமாளிக்கலாம் சார். ஆனா அது பொய்யா இருக்கும்."

"பொய்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. எனக்கு ஒரு கணக்கும் ஒரு தழும்பும் மட்டும்தான் தெரியும். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேவதிக்கு இன்று ஒருநாள்தான் அனுமதி. இன்று நிறுத்தினால் கமிட்டிக்கு மறுபடி எழுத வேண்டும். அது வருவதற்குள் ஜனவரி போய்விடும். அப்புறம் மே. அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லாமலே இருவருக்கும் தெரிந்தது.

"மூணு எலி" என்றார் கடைசியில். "ரெண்டாவது வண்டியில சிவப்புல மூணு. குழாயை நடுவுலேர்ந்து எடுத்து வலது பக்கம் வை. பழக்கமா இருந்தா கை மாறும், சொந்தமா இருந்தா மாறாது. பன்னெண்டு மணி வரைக்கும் டைம். அப்புறம் ரேவதி ஆரம்பிச்சுடுவாங்க."

ரேவதி சீட்டு எழுதிக் குலுக்கினார். இருபத்தாறு, முப்பத்து மூன்று, நாற்பது.

சோதனைப் பெட்டியில் குழாயைக் கழற்றி எலியின் வலது சுவரை ஒட்டி மாட்டினேன். இடது கையால் அங்கே எடுக்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். இருபத்தாறாம் எண்ணை உள்ளே விட்டேன். அது மூலை மூலையாக மோந்தது. மீசையை வழித்தது. ஐந்து நிமிஷம் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசியோடு இருக்கிற ஜென்மத்துக்கு இவ்வளவு நிதானம் ஆகாது என்று பல்லைக் கடித்தேன். பிறகு வந்தது. முதல் தடவை இடது கை, உருண்டை விழுந்துவிட்டது. இரண்டாவது இடது. மூன்றாவது இடது. நாலாவது தடவை நின்று யோசித்த மாதிரி இருந்தது, அப்புறம் வலது. அதற்கப்புறம் வலது, வலது. இருபதில் பதினாலு வலது.

சார் நோட்டில் குறித்துக்கொண்டார்.

முப்பத்து மூன்று இன்னும் சீக்கிரம். இரண்டாவது தடவையே வலதுக்கு மாறிவிட்டது. இருபதில் பதினாறு. எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் ஐந்து வருஷம் சரிந்து விழுவதை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவும் சரியாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

உத்தமன் அண்ணன் கதவோரம் வந்து நின்றிருந்தார். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார்.

நாற்பது சின்னதாக இருந்தது, ஒரு காதில் வெட்டு. விட்டவுடன் நேராகக் குழாய்க்குப் போனது. வலது சுவரில் உடம்பை ஒட்டிக்கொண்டு, இடுப்பை முறுக்கி, இடது கையைக் குறுக்கே விட்டு உருண்டையை எடுத்தது. பாதி உருண்டை கீழே விழுந்தது. மறுபடி அதே மாதிரி. வலது கை குழாய் வாய்க்கு நேராக இருந்தது, வெறுமனே நீட்டினால் போதும். நீட்டவில்லை. பத்து தடவை, பதினைந்து தடவை. ஒரு தடவை வழுக்கி விழுந்து எழுந்தது, அப்போதும் இடது கைதான். இருபதுக்கு இருபது இடது.

மணி பதினொன்று ஐம்பது.

"பாத்தியா" என்றார் சார். "ரெண்டு மாறிச்சு. ஒண்ணு மாறலை. எல்லாமே பழக்கம்னு இப்ப நீ சொல்ல முடியாது. மூளையை எடுத்துப் பார்ப்போம். எது சொந்தம், எது பழக்கம்னு அதுவே காட்டும்."

அவர் சொல்வது நியாயமாகத்தான் ஒலித்தது. தலையை ஆட்டிவிடலாம் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. மாலைக்குள் நாற்பத்தெட்டு பாட்டில், ஜனவரிக்குள் சீவல், மே மாதத்துக்குள் டாக்டர் ரேணுகா. அம்மா குவார்ட்டர்ஸ் முழுக்க இனிப்புக் கொடுப்பாள், வலது கையால்.

"அது காட்டாது சார்" என்றேன். "எந்தக் கை இதோட சொந்தக் கைன்னு எலிதான் சொல்லணும். வெட்டின பிறகு அதைக் கேக்க முடியாது. இப்ப நிறுத்திட்டு, குழாயை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வச்சுத் திரும்ப எல்லாத்தையும் சோதிக்கணும். யார் கையும் படாம."

"மூணு மாசம் ஆகும்."

"ஆகும் சார்."

"உன் உதவித்தொகை?"

அழுகை வந்துவிடும் போல இருந்தது, எனக்கு எல்லோர் முன்னாலும் அழப் பிடிக்காது. ரேவதி கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

சார் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து மேசையில் வைத்தார். "காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. கமிட்டிக்கு அனுப்பணும். எதனால, யாரால, ரெண்டும் எழுது." சொல்லிவிட்டு வெளியே போய் ஜன்னல் அருகே நின்றுகொண்டார்.

உட்கார்ந்து எழுதினேன். 'விலங்குப் பராமரிப்பாளர் பயிற்சியின் இடையே உணவளிக்கும் கையை மாற்றியதால்...' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர்தான் பராமரிப்பாளர், அவர்தான் மாற்றினார், அதனால்தான் இது நடந்தது. கீழே கையெழுத்துப் போட்டால் முடிந்தது, கமிட்டி அவரை ஒரு கேள்வி கேட்கும், அவர் 'மேடம் சொன்னாங்க' என்று சொல்வார் அல்லது சொல்லமாட்டார். சொல்லமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

'பயிற்சியின்போது எந்தக் கையால், எந்தப் பக்கத்தில் உணவு கொடுக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. முதல் பேட்ச்சுக்கு உத்தமன் தன் இயல்பான இடது கையால் கொடுத்தார். இரண்டாவது பேட்ச்சின்போது, இடது கையால் உணவு கொடுக்கக் கூடாது என்று நான் அவரைத் தடுத்தேன். அதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. ஆகவே இந்த எலிகளின் கைப்பழக்கக் குறிப்புகள் நம்பத்தக்கவை அல்ல. இன்று காலை ஒரு எலி தேவையில்லாமல் கொல்லப்பட்டது.'

சார் படித்தார். 'அறிவியல் காரணம் எதுவும் கிடையாது' என்ற வரியில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கமிட்டிகிட்ட நான் பேசறேன், மறுபடி அனுமதி தருவாங்கன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ரேவதியும் கிளம்பினார். போகும்போது இரண்டாம் எண்ணின் கூண்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒன்றாம் எண்ணின் பாட்டில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. லேபிளில் 'வலது' என்று நான்தான் எழுதினேன். அது வலதா என்று இனி யாருக்கும் தெரியாது.

எல்லோரும் போன பிறகு உத்தமன் அண்ணன் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு அலமாரிக்கு வந்தார். எலிகள் நேற்றிலிருந்து பட்டினி.

"அண்ணா" என்றேன். "காலையில நான் பேசினது தப்பு. ஆகஸ்டுல சொன்னது அதைவிடத் தப்பு."

"வுடுங்க மேடம். அதுக்கு இன்னா இப்போ." அவர் நாற்பதாம் எண்ணின் மூடியைத் தூக்கினார். "இத்துக்குத் தீனி வைக்கட்டா? ரொம்ப நேரமா சுத்திகினு கீது."

"வைங்க. நாளையிலேர்ந்து தட்டுலதான் வைக்கணும், கையால கொடுக்கக் கூடாது. இன்னைக்கு மட்டும் உங்க இஷ்டம். உங்களுக்கு எந்தக் கை தோதோ அந்தக் கையால கொடுங்க."

அவர் டப்பாவிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார். இடது கையால்தான் எடுத்தார். நாற்பதாம் எண் கம்பி ஓரத்துக்கு வந்து பின்னங்காலில் நின்றது. கூண்டுக்குள் பாதி போன அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், கொடுங்கள் என்று. அவர் சங்கடத்தோடு சிரித்தார். உருண்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது.

"பழகிப்போச்சு மேடம்" என்றார்.

எலி இடது கையை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தது.